தராசுக்காரரும் ஒன்பதாவது சீட்டும்

"எழுபத்திரண்டு" என்றேன். எடை எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவைக் காதில் செருகிவிட்டு, மூலையில் கிடந்த இரும்புத் தராசைக் கண்ணால் காட்டினார்.

முள் எழுபத்தொன்பதில் போய் நின்றது.

"ஏழு கிலோ பொய்" என்றார் கோபமே இல்லாமல். "பரவால்ல. பத்திரிகைக்காரங்க வழக்கமா ஒன்பது சொல்லுவாங்க."

திங்கட்கிழமை விமானத்தில் மேலே வந்திறங்கியவன் நான். புதன்கிழமைதான் திரும்பிப் போக முடியும். வந்த அன்றே திரும்பும் எடையைத் தோராயமாகப் பார்த்து வைப்பது அவர் வழக்கம். மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன விமானதளத்தில் பயணிகளை எடை போடுவதுதான் அவர் வேலை. பதினேழு வருடமாக அதே மேசை, அதே தராசு. ஊரில் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர். நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல, விமானத்தைப் பற்றி. குறைந்த தூரத்தில் எழும்பி, குறைந்த தூரத்தில் நிற்கிற விமானங்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை, வெள்ளிக்கிழமைக்குள்.

"விமானத்தைப் பத்தி எழுத வந்திருக்கீங்க, சரி. அதுல பெட்ரோல் எங்க ஊத்துவாங்க, காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

வால் பக்கம் இருந்த ஒரு மூடியைக் காட்டினேன்.

"அது தபால் பை வைக்கிற கதவு."

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு, சொன்னதை எழுதிக்கொண்டேன்.

ஓடுபாதை நானூற்று முப்பது மீட்டர். பெரிய நகரங்களில் விமானம் எழும்ப இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேண்டும்; இங்கே ஒரு தெருவின் நீளம்தான். அதுவும் சமதளம் இல்லை, சரிவு. மேல் நுனியில் பாறைச் சுவர், கீழ் நுனியில் பள்ளத்தாக்கு. இறங்கும்போது மேடேறி இறங்க வேண்டும், கிளம்பும்போது சரிவில் உருண்டு கிளம்ப வேண்டும். இதற்கென்றே செய்த விமானம் அது. உடம்பைப் பார்த்தால் இறக்கை கொஞ்சம் அதிகம். அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி. இறக்கையின் பின்விளிம்பு பாகம் பாகமாகக் கீழே மடங்கும். மடங்கினால் மெதுவான வேகத்திலும் காற்று தாங்கிப் பிடிக்கும். கற்கள் தெறித்து அடிக்காதபடி இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறது. சக்கரங்கள் குண்டானவை, உள்ளே மடங்காதவை. தரையைத் தொட்டதும் மூக்கிலிருக்கும் விசிறியின் இலைகள் திரும்பிக்கொண்டு காற்றை முன்னால் தள்ளும். விமானம் யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி நிற்கும்.

"எல்லாம் சரியா இருக்கும், எடை தவிர" என்றார். "இறக்கையைப் பண்ணினவன் கெட்டிக்காரன். எஞ்சினைப் பண்ணினவன் அவனைவிடக் கெட்டிக்காரன். நடுவுல ஒரே ஒரு மடையன் கையில பேனாவைக் குடுத்து, எவ்வளவு ஏத்தலாம்னு எழுதச் சொல்லிட்டாங்க. அது நான்."

எவ்வளவு ஏற்றலாம் என்பது தினமும் மாறும். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடும். இறக்கைக்கும் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதனால் காலையில் இருக்கிற அளவு பத்து மணிக்கு இருக்காது. கீழே நகரத்து ஆபீசில் ஒருவர் அட்டவணையைப் பார்த்து அன்றைய உச்ச அளவை ரேடியோவில் சொல்வார். அவர் தராசுக்காரரின் மனைவிக்குத் தம்பி. மேலே இவர் ஆட்களையும் பெட்டிகளையும் எடை போட்டுக் கூட்டுவார். இரண்டையும் பார்த்துவிட்டுப் பைலட் கிளம்புவார். இந்தப் பாதையில் ஆறேழு வருடமாக ஒரே பைலட். ஊருக்கு அவர் கேப்டனம்மா.

மருந்து, பாடப்புத்தகம், கூரைத் தகரம், பல்வலிக்காரர், பிரசவத்துக்குப் போகிறவர், கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் என்று எல்லாம் இந்த ஒரு விமானத்தில்தான். பாதை வழியாக நடந்தால் கீழே போய்ச் சேர இரண்டு நாள். விமானத்தில் இருபது நிமிடம்.

அதில் பயணிகளுக்கு ஒன்பது சீட். பதினோரு வருடம் எட்டுப் பேர்தான் பறந்தார்கள். வால் பக்கத்தில் இருக்கிற ஒன்பதாவது சீட் காலியாகவே போய்க் காலியாகவே வந்தது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் விஷயம் என்று எனக்குச் செவ்வாய்க்கிழமை மாலைதான் புரிந்தது.

கதை அவர் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது தொடங்குகிறது. அப்போதுதான் இந்த ஒன்பது சீட் விமானம் வந்திருந்தது. முதல் மாதத்திலேயே ஒரு வியாபாரி கோட்டுப் பைகளில் நாலு கிலோ ஆணியை ஒளித்துக்கொண்டு ஏறிவிட்டார். எடை போடும்போது கோட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டாராம். விமானம் சரிவில் உருண்டு, கீழ் நுனியைத் தாண்டியதும் மறைந்தது. பள்ளத்தாக்குக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கி, கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

"மூணு செகண்ட். என் உசிரு என்கிட்ட இல்ல. அப்புறம் எதிர் மலைக்கு முன்னால சாதாரணமா மேல ஏறிப் போகுது. கீழ இறங்கினதும் அந்த ஆளோட கோட்டு கிழிஞ்சு ஆணி கொட்டிருக்கு. எனக்குப் புரிஞ்சு போச்சு. நாலு கிலோ ஆணிதான் விமானத்தைக் கீழ இழுத்துச்சுன்னு."

அன்று மாலையே பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டார். தலைப்பு: ஒளித்து வந்தது. பக்கத்தில் இன்னொரு கட்டம்: கொண்டுவந்தவர். அதோடு நிற்கவில்லை. அடுத்த நாளிலிருந்து தராசு காட்டிய எடையோடு ஆளுக்கு நாலு கிலோ சேர்த்து எழுத ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

கேப்டனம்மா இந்தப் பாதைக்கு வந்த பிறகு ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அந்த மூன்று செகண்டைப் பற்றித் தராசுக்காரர் அவரிடம் கேட்டிருக்கிறார். கேப்டனம்மா சிரித்துவிட்டார். "அது தினமும் நடக்கறதுதான் அண்ணே. நுனியைத் தாண்டினதும் நாங்களேதான் மூக்கை இறக்கறோம். பள்ளம் இருக்கே, அதுல இறங்கி வேகம் எடுத்துக்குவோம். அன்னிக்குத்தான் நீங்க முதல் தடவை நின்னு பார்த்திருக்கீங்க."

"அப்ப நிறுத்தியிருக்கலாமே, நாலு கிலோவை?" என்று கேட்டேன்.

"எப்படி நிறுத்தறது? ஊர்ல எல்லாருக்கும் அவங்க எடை மனப்பாடம். ஒரே நாள்ல ஊரே நாலு கிலோ இளைச்சா கேக்க மாட்டாங்களா?"

இதைவிட மோசமான ஒன்றையும் அவரே சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருமுறை விமானத்தைப் பார்க்க வந்தார்கள். ஒன்பதாவது சீட்டில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்று கேட்டார்கள். எடை எப்போதும் எட்டுப் பேரோடு முடிந்துவிடுகிறது, ஏன் என்று அவருக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வால்ல ஆள் உக்காந்தா வால் தொங்கிடும். அதனால இந்த மாதிரி விமானத்துல கடைசி சீட்டைக் காலியா விடறது விஞ்ஞானம்" என்றார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பத்து வயதுப் பெண் மட்டும் எழுதாமல், "அப்புறம் எதுக்கு அங்க சீட்டு வச்சாங்க?" என்றாள்.

அது அவருடைய மகள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மகளுக்குப் பதினெட்டு வயது. கீழே நகரத்தில், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பில் இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும். கடிதமே தாமதமாக வந்தது. நடந்து போக நேரம் இல்லை. இருந்தது திங்கட்கிழமைக் காலை விமானம் ஒன்றுதான்.

அன்று எட்டுப் பேர் ஏற்கெனவே பதிந்திருந்தார்கள். ஒருவர் நடந்தே கிளம்பிவிட்டதால் முந்தின நாள் மாலையே ஒரு சீட் காலியானது. அந்த இடத்தில் மகளைப் போடலாம் என்று மனைவி சொன்னார். இவர் கேட்கவில்லை. தராசு தன் கையில் இருப்பதால் மகளை நுழைத்துவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது. அதனால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மகளை ஒன்பதாவதாக எழுதினார்.

"நேர்மைன்னு நெனச்சேன்" என்றார். "வீட்ல அதுக்கு வேற பேர் சொன்னாங்க. அதை நீங்க அச்சுல போட முடியாது."

காலை ஏழரைக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதலில் தகரக்கடைக்காரர், பிறகு நிறைமாதத்துக்கு முந்தைய ஸ்கேனுக்குப் போகிற டீச்சர், பிறகு மற்றவர்கள். கடைசியில் மகள். அவளும் பெட்டியும் சேர்ந்து ஐம்பத்தொன்பது கிலோ. கை பழக்கத்தில் அறுபத்துமூன்று என்று எழுதியது.

கூட்டினார். எழுநூற்று முப்பத்தைந்து. கீழ் ஆபீஸ் சொன்ன அளவு எழுநூற்று இருபது.

பதினைந்து கிலோ கூடுதல். விதிப்படி பட்டியலில் கடைசியாக இருப்பவர் இறங்க வேண்டும்.

கேப்டனம்மா தாளைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "கண்ணு, நீ புதன்கிழமை வாயேன்" என்றார் மகளிடம்.

"புதன்கிழமைக்கு அங்க என் இடம் இருக்காது, ஆன்ட்டி" என்றாள் மகள். அழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லுங்கப்பா. அந்தச் சீட்டை எதுக்கு வச்சாங்க?"

தராசுக்காரர் பேனாவைப் பார்த்தார். அவர் பேனாவுக்குள்ளே முப்பத்தாறு கிலோ இருக்கிறது; ஒன்பது பேருக்கு ஆளுக்கு நாலு. வெளியே எடுத்தால் மகள் போகலாம். ஆனால் பதினோரு வருடம் ஊருக்கு இல்லாத முப்பத்தாறு கிலோ தன் மகளுக்கு மட்டும் இன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் மகளின் படிப்பு போகும். அந்த மேசை முன்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. சுவரில் இருந்த வெப்பமானி அதற்குள் ஒரு கோடு ஏறியிருந்தது.

"கேப்டன்" என்றார். "நான் ஆளுக்கு நாலு கிலோ கூட எழுதறேன்."

"இன்னிக்கா?"

"பதினோரு வருஷமா."

முதலில் பேசியவர் தகரக்கடைக்காரர். "இருங்க. அப்ப நான் தொண்ணூத்தொண்ணு இல்லையா?"

"எண்பத்தேழு."

"எண்பத்தேழா? தொண்ணூறைத் தாண்டிட்டேன்னு என் வீட்டுக்காரி எட்டு வருஷமா ராத்திரி எனக்கு அரை வயிறுதான் போடறா. இதை நீங்க எழுத்துல குடுக்கணும். சீல் வச்சு."

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எனக்கு நாலு சரி. உள்ள இருக்கறதுக்கும் தனியா நாலு போட்டீங்களா?"

"யோசிச்சேன் டீச்சர். போடல."

கேப்டனம்மா சிரிக்கவில்லை. "உங்க பொண்ணு நிக்கற அன்னிக்குத்தான் இது உங்களுக்கு ஞாபகம் வருது. நான் எப்படி நம்பறது? எல்லாரும் திரும்ப ஏறுங்க. முள்ளை நானே பார்க்கறேன்."

ஒன்பது பேரும் மறுபடி ஏறினார்கள். இந்த முறை கேப்டனம்மா எடையைச் சத்தமாகப் படித்தார். நாலு கிலோ குறைந்த சந்தோஷத்தில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"எழுநூத்து இருபதுக்கு இருபத்தொண்ணு கம்மி" என்றார் தராசுக்காரர். மகளின் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

"இல்ல, ஒன்பது அதிகம்" என்றார் கேப்டனம்மா.

"எப்படி கேப்டன் அதிகம்?"

கேப்டனம்மா தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "நான்... அவங்க சொல்ற அளவுல முப்பது குறைச்சுத்தான் எடுப்பேன். எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க அண்ணே."

அப்போதுதான் இவருக்கு விளங்கியது. கேப்டனம்மா சில நாள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த ஒரு மூட்டையை இறக்கிடுங்க" என்பார். காற்றின் வாசனையிலேயே கண்டுபிடிக்கிறார் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். வானத்தைப் பார்த்தது முப்பதைக் கழிக்க. மனக்கணக்குப் போடும்போது மேலே பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ரேடியோவைப் பார்த்தார்கள்.

"மச்சான்" என்றார் தராசுக்காரர் ரேடியோவில். "அட்டவணையில இன்னிக்கு என்ன போட்டிருக்கு?"

"அதான் சொன்னேனே மச்சான். எழுநூத்து இருபது."

"அட்டவணையில என்ன போட்டிருக்குன்னு கேட்டேன்."

கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "எழுநூத்து அறுபது."

"நாப்பது எங்க போச்சு?"

"எங்கயும் போகல மச்சான். என்கிட்டதான் பத்திரமா இருக்கு." இன்னும் கொஞ்சம் இரைச்சல். "ஒரு தடவை வரி மாத்திப் படிச்சிட்டேன். அதுலருந்து எப்பவும் ரெண்டு வரி கீழ பார்த்துத்தான் சொல்றது. மேல ஏதாச்சும் பிரச்சினையா?"

"உங்க அக்கா பொண்ணு பெட்டியோட தரையில நிக்கறா."

"ஐயோ" என்றது ரேடியோ.

முப்பத்தாறு, முப்பது, நாற்பது. மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், நூற்றாறு கிலோ பயத்தை வருடக்கணக்கில் அந்த விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல கனமான ஒரு ஆளும் அவருடைய பெட்டியும். ஒன்பதாவது சீட் காலியாகப் போனதே இல்லை. அதில் இவர்கள் மூன்று பேரின் பயம்தான் டிக்கெட் இல்லாமல் போய் வந்திருக்கிறது.

கேப்டனம்மா புத்தகத்தைத் திறந்தார். இந்த இழுபறியில் வெயில் ஏறிவிட்டதால், அந்த நேரத்து வெப்பத்துக்கு அட்டவணையில் எழுநூற்று நாற்பத்திரண்டு. "இதுல முப்பது என்னோடது. அதை நான் விட மாட்டேன். ஓட்டறவ கையில கொஞ்சம் மிச்சம் இருக்கணும். ஆனா ஒருத்தர் கையிலதான் இருக்கணும், எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு இருக்கணும். உங்க ரெண்டு பேரோடதையும் இன்னியோட எடுத்துடுங்க." கழித்துப் பார்த்தார். எழுநூற்றுப் பன்னிரண்டு. "பதிமூணு கிலோ இடம் இருக்கு. ஏறு கண்ணு, சீக்கிரம். இன்னும் பத்து நிமிஷம் போனா அதுவும் இருக்காது."

கனமானவர்களை முன்னால் உட்காரவைத்து, எல்லோரிலும் லேசான மகளை வாலுக்கு அனுப்பினார். ஒன்பதாவது சீட்டின் பெல்ட் யாரும் இழுக்காததால் விறைத்துக் கிடந்தது, உறைகூடப் பிரிக்கவில்லை. தகரக்கடைக்காரர்தான் பல்லால் கடித்து உறையைக் கிழித்துக் கொடுத்தார். வால் தொங்கவில்லை. தராசுக்காரர் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

கதவு மூடுவதற்குள் மனைவி ஓடிவந்து அவர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். "மறந்துட்டேன். அவகிட்ட குடுங்க." அவர் அதை அப்படியே கதவு வழியாக மகள் மடியில் வைத்தார். கன்னத்தைத் தட்டினார். கதவு மூடியது.

விசிறி வேகம் பிடித்தது. பிரேக்கை விட்டதும் விமானம் சரிவில் உருண்டது. குண்டுச் சக்கரங்கள் இரண்டு தடவை துள்ளின. இறக்கையின் பின்விளிம்பு நன்றாக மடங்கியிருந்தது. முக்கால் தூரத்தில் சக்கரம் தரையை விட்டது. கீழ் நுனியைத் தாண்டியதும் மூக்கு இறங்கி, மகளும் ஒன்பதாவது சீட்டும் பள்ளத்தாக்குக்குள் மறைந்தார்கள்.

அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் அதை விருந்தாளிகளுக்கு விளக்கிச் சொல்பவர். ஆனால் அந்த மூன்று செகண்டின் முதல் செகண்டில்தான் மனைவி பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பொட்டலத்துல என்ன இருந்துச்சு?"

"ஆப்பிள். ஒரு பாட்டில் தேன். ஏன்?"

"எடை போட்டோமா?"

மனைவி தன்னைப் பார்த்த பார்வையைத் தராசுக்காரரே எனக்கு நடித்துக் காட்டினார். அந்தப் பார்வையில் தெரிந்ததை முடிந்தவரை எழுதுகிறேன்: பதினோரு வருடம் ஊரையே சந்தேகப்பட்ட ஒரு மனிதன், தன் மகள் ஏறிய ஒரே விமானத்தில், தன் கையாலேயே ஆணி ஏற்றியவனைப் போல் நின்றான்.

எதிர் மலைக்கு முன்னால் விமானம் வெளியே வந்தது. ஒன்றும் நடக்காதது போல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ரேடியோவை எடுத்தார். பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டார்.

"கேப்டன், ஒரு ரெண்டு கிலோ... ரெண்டே கால் இருக்கும். கடைசியில நான்..."

"கதவு வழியா குடுத்தது தெரியும் அண்ணே. கண்ணாடியில பார்த்துட்டுத்தான் இருந்தேன்." பின்னணியில் யாரோ எதையோ கடிக்கிற சத்தம் கேட்டது. "தகரக்கடைக்காரர் பொட்டலத்தோட எடையைக் குறைச்சுக்கிட்டு இருக்கார். அதுக்குத்தானே அந்த முப்பது."

மகள் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். கெடு மறுநாள்தான்; இவள் ஒரு நாள் முன்னாலேயே போய்விட்டாள். வாசலிலேயே ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள் என்பது அப்பாவுக்குத் தெரிந்த கதை. தாய்மாமா வீட்டில் சினிமா பார்த்தாள் என்பது அவருக்குத் தெரியாத கதை. புதன்கிழமை கீழே இறங்கியதும் மாமாவே என்னிடம் சொன்னார். இப்போது அவள் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வந்து போகும்போதெல்லாம் ஒன்பதாவது சீட்தான் கேட்கிறாளாம்.

அந்தச் சீட்டில்தான் நானும் திரும்பினேன். கிளம்புமுன் மறுபடி தராசில் ஏற்றினார். எழுபத்தொன்பதரை. இரண்டு நாள் சாப்பாடு. எழுதி முடித்ததும் பழைய பதிவேட்டை எடுத்து அந்த நாளின் பக்கத்தைக் காட்டினார். மகள் பெயருக்கு நேரே அறுபத்துமூன்று அடிக்கப்பட்டு ஐம்பத்தொன்பது எழுதியிருந்தது. பக்கத்தில், அவரே கோடு போட்ட கட்டங்களில், அவருடைய அதே திருத்தமான கையெழுத்து.

ஒளித்து வந்தது: ஆப்பிள், தேன், 2.2 கிலோ.

கொண்டுவந்தவர்: எடை போடுபவர்.